எண்ணெய்ப் புட்டி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். நகரத்தார் வீடுகள் பங்கு பிரிந்தும் இடிந்தும் போகும்போது அவற்றின் தூண்களும் கதவுகளும் பீங்கான் சாடிகளும் வந்து ஒதுங்கும் தெரு அது. பித்தளைச் சாமான்கள் குவிந்திருந்த மரத்தட்டில் விரல் நீளத்துக்குச் சற்றே கூடிய ஓர் உருளை கிடந்தது. மேலே திருகுமூடி. மூடியைத் திருகி எடுத்தால், அதனோடு ஒட்டிக்கொண்டு மெல்லிய கரண்டி போன்ற ஒரு கம்பி வெளியே வந்தது.

"கண்மை டப்பா சார். ஆச்சி வீட்டுச் சாமான். பர்மாவிலேருந்து வந்த பெட்டியில இருந்தது" என்றார் கடைக்காரர்.

கண்மை டப்பா என்று நம்புவதற்கு எல்லாப் பொருத்தமும் அதற்கு இருந்தது. மை தீட்டும் குச்சிகூட உள்ளேயே இருக்கிறதே! ஆனால் அதை நான் முன்பே ஒரு முறை கையில் வாங்கியிருக்கிறேன். அது திரீ நாட் திரீ துப்பாக்கியின் எண்ணெய்ப் புட்டி. 450 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். இக்கட்டுரை அப்புட்டியிலிருந்து தொடங்குகிறது.

முன்பு கையில் வாங்கியது 1998இல். அப்போது நான் கல்லூரி மாணவன். தேசிய மாணவர் படையில் இருந்தேன். தமிழ் படிக்கும் மாணவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்ட நண்பர்கள் உண்டு. முகாமில் கிடைக்கும் பூரியும் கிழங்கும்தான் வேலை என்று சொல்லிச் சமாளிப்பேன். சுடுவதற்கு எங்களுக்குத் தந்தது பாயிண்ட் டூ டூ துப்பாக்கி. 25 கெஜத் தொலைவில் உள்ள அட்டையில் ஐந்து குண்டுகள். நான் சுட்டவற்றுள் இரண்டு அட்டையில் பட்டன. மற்ற மூன்றும் பின்னிருந்த மண்மேட்டுக்குள் போயின. அந்த ஐந்து குண்டுகளுக்கு முன்னும் பின்னுமாக எங்கள் ஹவில்தார் எங்களிடம் வாங்கிய வேலைதான் இன்றும் கைவிரல்களில் நினைவாக நிற்கிறது.

ஆயுத அறையை அவர்கள் 'கோத்' என்பார்கள். அங்கே செய்முறை விளக்கத்துக்கென்று ஒரு பழைய திரீ நாட் திரீ இருந்தது. அதன் அடிக்கட்டையின் முனையில் பித்தளைத் தகடு. அதில் ஒரு சிறிய கதவு. ஹவில்தார் கட்டைவிரலால் அக்கதவைத் திறந்து துப்பாக்கியைச் சாய்த்தார். உள்ளிருந்து ஒரு கயிற்றுச் சுருளும் ஒரு பித்தளைப் புட்டியும் உள்ளங்கையில் விழுந்தன. கொலைக்கருவி ஒன்றின் வயிற்றுக்குள் தையல்பெட்டிபோல் இப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கயிற்றின் பெயர் புல்த்ரூ. ஒரு முனையில் பித்தளை எடை, மறுமுனையில் கண்ணிகள். கண்ணியில் நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் வெட்டிய துணியைச் செருக வேண்டும். அத்துணியை இந்தியில் சிந்தி என்பர். நாங்கள் தமிழிலும் சிந்தி என்றே சொன்னோம். எடையைக் குழலின் பின்வாய் வழியே விட்டு முன்வாய் வழியே உருவ வேண்டும்.

"முதல்ல துப்பாக்கிக்குச் சோறு, அப்புறம்தான் தம்பி உனக்கு" என்பார் அவர். இராமநாதபுரத்துக்காரர். ஆணைகளை இந்தியிலும் வசவுகளைத் தமிழிலும் தருவார்.

கயிற்றை நேராக இழுக்காமல் கோணலாக இழுத்தால் அடி விழும். அதன் காரணம் பிறகுதான் விளங்கியது. ஆண்டுக்கணக்காகக் கோணலாய் இழுபடும் கயிறு, கிணற்றுக் கல்லைக் கயிறு தேய்ப்பதுபோல, குழலின் வாயை ஒரு பக்கமாய்த் தேய்த்துவிடும். வாய் தேய்ந்த துப்பாக்கி குறி தப்பும். அதைத் தூய்மை செய்தவனே அதைக் கெடுத்தவனும் ஆவான். இன்னொன்றும் சொன்னார். நான்கைந்து துப்பாக்கிகளை ஒன்றாகக் கழற்றித் துடைக்கும்போது ஒன்றின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டிவிடக் கூடாது. பார்வைக்கு எல்லாம் ஒன்றே. ஆயினும் ஒவ்வொரு போல்ட்டும் தன் துப்பாக்கிக்கென்றே இழைத்துப் பொருத்தப்பட்டது. எண் பார்த்து மாட்ட வேண்டும். இல்லையேல் தோட்டாவின் பின்புறம் சரியாக அடைபடாமல் வெடிப்பு சுடுபவன் முகத்தை நோக்கி வரவும் கூடும்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். போர் வரலாறு எழுதுகிறவர்கள் யார் சுட்டார், யார் விழுந்தார் என்று எழுதுகிறார்கள். ஆயுதத்தைத் துடைத்தவன் யார், எண்ணெய் எங்கிருந்து வந்தது, மழையில் மருந்து நனையாமல் காத்தது எப்படி என்று எழுதுவோர் குறைவு. நம் சிவகங்கைச் சீமையின் வரலாற்றை இந்தக் கேள்விகளோடு படித்தால் வேறொரு கதை கிடைக்கிறது.

*

சொல்லிலிருந்து தொடங்குவது எங்கள் தொழில்நோய், பொறுத்தருள்க. வான்சிறப்பு அதிகாரத்துக் குறளில் 'துப்பாக்கி' வருகிறது என்று முதலாண்டு மாணவர்களிடம் சொன்னால் வகுப்பு சிரிக்கும். அங்கே அது உணவாக்கி என்னும் பொருளது, மழையைப் பற்றியது. நாம் தோளில் சுமக்கும் துப்பாக்கி, துருக்கி மொழிச் சொல்லொன்று வடக்கிலிருந்து பல வாய்களைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்த வடிவம். பெயர் வெளியிலிருந்து வந்தது என்றாலும், அதன் உறுப்புகளுக்கும் அதைப் பழகும் வினைகளுக்கும் தமிழர் தம் சொற்களையே வைத்தனர். குழல், கட்டை, குதிரை, திரி, பற்றுவாய். பற்றுவாய் என்பது குழலின் பின்புறம் தீ உள்ளே புகும் சிறு துளை. வெடிப்பொடி 'மருந்து' ஆயிற்று. அதைக் குழலில் இட்டு இடிப்பது 'கெட்டித்தல்'. ஒரு பொருளின் உறுப்புகளுக்கு ஒரு மொழி பெயர் சூட்டியிருக்கிறது என்றால் அம்மொழி பேசுவோர் அதைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

18ஆம் நூற்றாண்டில் பாளையக்காரர் படைகளில் இருந்தவை பெரும்பாலும் திரித் துப்பாக்கிகள். இரும்புப் பட்டையைச் சுருளாகச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிக் குழலாக்குவது நாட்டுக் கொல்லர் முறை. அதில் சுட, வெடியுப்பில் ஊறவைத்து உலர்த்திய கயிற்றுத்திரி எப்போதும் கனன்றுகொண்டிருக்க வேண்டும். குதிரையை அழுத்தினால் திரி தாழ்ந்து பற்றுவாயருகே உள்ள பொடியைத் தொடும். கேட்க எளிது. பழகுவதற்கு அது ஒரு தொந்தரவு பிடித்த கருவி. இடுப்பில் மருந்து, கையில் நெருப்பு. இரண்டையும் ஒரே உடம்பில் சுமந்துகொண்டு ஓட வேண்டும். இரவில் திரியின் கங்கு ஆளைக் காட்டிக் கொடுக்கும். பகலில் அதன் வாடை காட்டிக் கொடுக்கும். ஐப்பசி மழையில் திரி அணைந்தால் கையில் இருப்பது நீளமான ஓர் உலக்கை.

மருந்தும் அப்படியே. வெடியுப்பு நான்கில் மூன்று பங்கு, மீதி கரியும் கந்தகமும் என்பது உலகறிந்த கணக்கு. ஆனால் வெடியுப்பில் கறியுப்பு கொஞ்சம் கலந்திருந்தால்கூட அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். காய்ச்சி வடித்து மறுபடி உறையவைத்துத் தூய்மை செய்யத் தெரிந்தவன் வேண்டும். எரிந்தபின் கருமருந்து விட்டுச் செல்லும் கசடு இன்னும் மோசம். சில வெடிகளில் குழலின் உட்சுவரில் அது படிந்து இறுகும்; குண்டு இறங்க மறுக்கும். இரவு முழுக்க விட்டுவைத்தால் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். ஆகவே சுட்ட அன்றே தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவி வைக்க வேண்டும். இரும்பைத் துருவிலிருந்து காக்கத் தண்ணீர் ஊற்றுவது முரணாகத் தோன்றும். கசடு தண்ணீரில்தான் கரையும் என்பதே அதன் விளக்கம்.

இதையெல்லாம் நன்கறிந்த ஒருவர் சிவகங்கையில் இருந்திருக்க வேண்டும் என்று எண்ண இடமிருக்கிறது. கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் இலண்டனில் வெளியிட்ட தம் படைநினைவுகளில் மருது சகோதரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரிய மருது ஆட்சிப் பொறுப்பில் அதிகம் தலையிடாமல் காட்டிலேயே காலம் கழித்தவர், வேட்டையிலும் சுடுவதிலும் பெருவிருப்பம் உடையவர், ஆர்க்காட்டு ரூபாயை விரல்களால் வளைக்கும் வலிமையுடையவர் என்று சொல்லப்பட்டவர் என்பது அவர் தரும் சித்திரம். விரலால் ரூபாயை வளைத்த செய்தி நம் மேடைகளில் ஆயிரம் முறை பேசப்பட்டாயிற்று. புலியைத் தேடிக் காட்டுக்குள் போகிறவன் தன் மருந்து நனைந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்த்திருப்பான் என்பதை யாரும் பேசுவதில்லை.

அதே வெல்ஷ் 1795இல் சின்ன மருதுவைச் சிறுவயலில் சந்தித்தார். சிறுவயல் காரைக்குடிக்கு அருகில்தான். இன்று மஞ்சுவிரட்டால் பெயர்பெற்ற ஊர். காவலாள் ஒருவர்கூட இல்லாத திறந்த அரண்மனையில் சின்ன மருது இருந்ததையும், யாரும் உள்ளே போய்வரலாம் என்ற நிலை இருந்ததையும் வெல்ஷ் வியப்போடு குறிக்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத்தந்தவர் அவரே என்கிறார். தேர்ந்த கையில் வளரி நூறு கெஜத்துக்குள் எத்தொலைவிலும் தவறாமல் படும் என்பதும் அவர் வாக்குமூலம். இதைப் படிக்கும்போது ஓர் ஒப்பீட்டைத் தவிர்க்க முடியவில்லை. கும்பினிச் சிப்பாய் தோளில் சுமந்த பிரவுன் பெஸ் துப்பாக்கியும் நம்பிச் சுடத்தக்க தொலைவு ஏறத்தாழ அதே நூறு கெஜம்தான். வளரிக்கு மருந்து வேண்டாம், திரி வேண்டாம், மழை பொருட்டில்லை. பிறகேன் துப்பாக்கி வென்றது?

பிரவுன் பெஸ்ஸின் பழக்கவழக்கங்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். அதில் திரி இல்லை. குதிரையின் வாயில் தோல் சுற்றி இறுக்கிய சக்கிமுக்கிக் கல் ஒன்று எஃகுத் தகட்டை உரசிப் பொறி தரும். கல்லின் விளிம்பு சில பத்து வெடிகளில் மழுங்கும். மாற்றவோ செதுக்கவோ வேண்டும். பற்றுவாய் அடைத்துக்கொள்ளும், அதைக் குத்திவிட ஊசியும் துடைக்கச் சிறு தூரிகையும் சிப்பாயின் வாரில் தொங்கும். குழலின் அகலம் முக்கால் அங்குலம். அதில் இடும் குண்டோ 0.69 அங்குலம்தான். இடையில் அவ்வளவு இடைவெளி விட்டது கசடு படிந்தபின்னும் குண்டு தடையின்றி இறங்கட்டும் என்பதற்காகவே. அதாவது அழுக்குக்கென்று இடம் ஒதுக்கிச் செய்த கருவி அது. குறி தவறினால் தவறட்டும், கெட்டிப்பது நிற்கக் கூடாது. மருந்தும் குண்டும் அளவாகச் சுற்றிய காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கெட்டித்து நிமிடத்துக்கு மூன்று முறை சுடப் பழக்கினார்கள். உடைந்தால் மாற்ற வேறொன்று கிடங்கில் இருந்தது. வளரி ஒருவனின் கைத்திறன். அவன் விழுந்தால் திறனும் விழும். பிரவுன் பெஸ்ஸோ ஓர் அலுவலகம். கல் ஓரிடத்திலிருந்தும் மருந்து ஓரிடத்திலிருந்தும் எண்ணெய் ஓரிடத்திலிருந்தும் கணக்குப் புத்தகத்தோடு வந்துசேர்ந்தன. நம் பக்கத்தில் இந்தக் கணக்கு எப்படியிருந்தது என்பதைக் காட்டும் ஓலைகள் கிடைத்தால் ஆயிரம் வீரவுரைகளை விட்டுக்கொடுக்கலாம்.

நம் வாய்மொழி மரபுக்கு இந்த உண்மை தெரிந்தே இருந்திருக்கிறது. வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்ட கதையில், குயிலி தன் உடலில் தீவைத்துக்கொண்டு பாய்ந்தது எதிரியின் தளபதிமேல் அன்று, வெடிமருந்துக் கிடங்குக்குள். இக்கதையை ஆவணச் சான்றுள்ள வரலாறாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் உயிர் எங்கே இருக்கிறது என்று கதைகட்டிய மக்களுக்குத் தெரிந்திருந்தது.

*

1801ஆம் ஆண்டின் நிகழ்வுகள் நம் வாசகர்களுக்குத் தெரிந்தவையே, விரைந்து கடக்கிறேன். மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. தப்பிய ஊமைத்துரை சிவகங்கைக்கு வந்தார். ஜூன் 16 நாளிட்ட சின்ன மருதுவின் அறிக்கை திருச்சியிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. கர்னல் அக்னியூவின் படை வரும்முன் சின்ன மருது தம் சிறுவயலுக்குத் தாமே தீவைத்தார். அங்கிருந்து காளையார்கோயிலை நோக்கிக் காட்டை வெட்டிப் பாதையமைக்க முயன்ற கும்பினிப் படை ஏறத்தாழ ஒரு மாதம் போராடிவிட்டு, முடியாமல் பின்வாங்கியது. காட்டுக்குள் திரித் துப்பாக்கியும் ஈட்டியும் வளரியும் அதுவரை தாக்குப்பிடித்தன. அக்டோபர் 1 அன்று மும்முனைகளிலும் நுழைந்து காளையார்கோயிலைப் பிடித்தனர். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். வளரி வீசக் கற்றுத்தந்த ஆசானைத் துரத்திப் பிடித்த படையில் மாணவரும் இருந்தார். தொடை முறிந்த நிலையில் சின்ன மருது பிடிபட்டதை எழுதும்போது வெல்ஷின் உரைநடை தடுமாறுவதை மொழிபெயர்ப்பின்றிப் படித்தால் உணரலாம்.

அதற்குப் பின் நடந்தது நம் பாடநூல்களில் ஒரு வரியாக வரும். 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பின்படி பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, ஆயுதம் வைத்திருப்பது குற்றமாயிற்று. அந்த ஒரு வரிக்குள் நின்று பார்க்க வேண்டும். துப்பாக்கி போனதோடு முடியவில்லை. குழல் சுற்றும் கொல்லனுக்கு வேலை போயிற்று. வெடியுப்பு காய்ச்சுகிறவனுக்கும் திரி ஊறவைக்கிறவனுக்கும் வேலை போயிற்று. தகப்பன் துடைப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக் கற்கும் மகன் இல்லாமல் போனான். எழுத்தில் இல்லாத அறிவு ஒரு தலைமுறை கைமாறாவிட்டால் இல்லாமலேயே போய்விடும். எங்கள் மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியின் அரிவாள் இன்றும் பெயர்போனது. சிவகங்கைத் துப்பாக்கி என்று ஒரு பெயர் இல்லை. மருதுவின் ஆட்கள் எழுபத்துமூவர், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட, 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டனர். இந்தப் பினாங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலாயாவுக்குப் பிறகு வருவோம்.

இடையில் 1857. உட்புறம் சுருள்வரி வெட்டிய குழலைக் கொண்டதே ரைஃபிள். குண்டு சுழன்றுகொண்டு வெளிப்படுவதால் நெடுந்தொலைவு நேராகச் செல்லும். அதற்குக் குண்டு குழலோடு இறுகப் பொருந்த வேண்டும். பிரவுன் பெஸ் அழுக்குக்கு விட்டிருந்த இடைவெளி இங்கே கட்டுப்படியாகாது. மாற்றாகத் தோட்டாவின் காகிதத்தில் கொழுப்புத் தடவினார்கள். புதிய என்ஃபீல்டைப் பழக்குவதற்கென்றே டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய இடங்களில் பயிற்சி மையங்கள் அமைந்தன. பசுவின் கொழுப்பா பன்றியின் கொழுப்பா என்னும் கேள்வி டம்டம்மில்தான் கிளம்பிற்று. கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று பயிற்சிமுறையை மாற்றிப் பார்த்தார்கள், காலம் கடந்துவிட்டிருந்தது. பெருங்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல என்பது உண்மை. ஆயினும் ஒரு துப்பாக்கியின் பராமரிப்புக் குறிப்பு பேரரசு ஒன்றை உலுக்கியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அக்கிளர்ச்சியின் நெடுநிழலாக 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இன்றித் துப்பாக்கி இல்லை என்றாயிற்று. போர்மரபினர் என்றும் அல்லாதார் என்றும் மக்களைத் தரம்பிரித்த கொள்கை வலுத்தபோது, படையில் தமிழருக்கு இருந்த இடமும் சுருங்கியது. 1920களின் இறுதிக்குள் சென்னைக் காலாட்படை கலைக்கப்பட்டது; இரண்டாம் உலகப்போரின் நெருக்கடியில்தான் மீண்டும் எழுப்பினார்கள். வெல்ஷை எதிர்த்து ஒரு மாதம் காட்டைக் காத்தவர்களின் பேரர்கள் போர்மரபினர் அல்லர் என்று தாளில் எழுதப்பட்டது.

*

அந்தப் பேரர்களில் பலர் அப்போது கடல்கடந்திருந்தனர். நகரத்தார் வட்டித்தொழிலுக்குப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள் என்றால், இராமநாதபுரம், திருச்சி, தஞ்சைப் பகுதிகளின் ஏழை மக்கள் இரப்பர்த் தோட்டங்களுக்குப் போனார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது கைவிட்ட துப்பாக்கிகளைக் கொண்டே இந்திய தேசிய இராணுவம் ஆயுதம் தரித்தது. அவற்றுள் முதன்மையானது திரீ நாட் திரீ.

1943 ஜூலை 12. சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து பத்து நாட்களே ஆகியிருந்தன. மகளிர் கூட்டமொன்றில் அவருக்கு அணிவகுப்பு மரியாதை தர இருபது பெண்களைத் திரட்டினார் சென்னையிலிருந்து சென்ற மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். பெண்கள் சேலையில் இருந்தார்கள். ஆடவர் படையிடமிருந்து திரீ நாட் திரீ துப்பாக்கிகளை இரவல் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு கிலோ. அதை இரு கைகளாலும் முகத்துக்கு நேரே செங்குத்தாக நிறுத்தி, அசையாமல், சேலைத் தலைப்பு நழுவாமல் நிற்கும் ஒரு செய்கையைச் சில நாட்களில் கற்றுக்கொண்டார்கள். ஒரு முகாமில் அரைமணி நேரம் அப்படி நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: முதலில் மணிக்கட்டு நடுங்கும், பிறகு தோள், பிறகு மானம்.

அக்டோபர் 22 அன்று சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களோடு தொடங்கியது. படையில் பெரும்பகுதியினர் மலாயாத் தமிழ்ப் பெண்கள். அவர்களில் பலர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். கோலாலம்பூரிலிருந்து சேர்ந்த ஜானகி தேவர் பதின்வயதைத் தாண்டாதவர். பின்னாளில் லட்சுமிக்கு அடுத்த பொறுப்பை ஏற்றவர். 2000இல் பத்மஸ்ரீ பெற்று 2014இல் மறைந்தவர். பயிற்றுவித்தவர்கள் முன்பு பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த ஆடவர். ஆணைகள் இந்துஸ்தானியில்; அதை ரோமன் எழுத்தில் எழுதி இப்பெண்கள் கற்றார்கள். எங்கள் ஹவில்தாரின் இந்தி ஆணைகளை நினைத்துக்கொள்கிறேன்.

அத்துப்பாக்கிக்கென்று சில குணக்கேடுகள் உண்டு. அதன் தோட்டாவின் பின்புறத்தில் விளிம்பு புடைத்திருக்கும். ஐந்து ஐந்தாகக் கூட்டில் அழுத்தும்போது மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால், போல்ட்டைத் தள்ளும்போது இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சிக்கிவிடும். எந்த விளிம்பு முன்னே, எது பின்னே என்று விரலால் தடவி இருட்டிலும் உணரப் பழக வேண்டும். இன்னொன்று, அக்காலத் தோட்டாக்களின் தொப்பியில் இருந்த வேதிப்பொருள் வெடித்தபின் ஒருவகை உப்பாகக் குழலுக்குள் படியும். மலாயாவின் புழுக்கத்தில் அது ஓரிரவில் துருவைக் கொண்டுவரும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. மூடி மறைக்கத்தான் செய்யும். கொதிநீரைக் குழலில் ஊற்றி, உலர்த்தி, அதன்பிறகே புட்டியைத் திறந்து அந்தச் சிறு கரண்டியால் எண்ணெயைத் தொட்டெடுக்க வேண்டும். மருது காலத்துக் கொல்லனுக்கும் இதே விதி என்பதை மேலே பார்த்தோம். தண்ணீர் முதலில், எண்ணெய் பிறகு. 142 ஆண்டுகள் விடுபட்ட பாடம் அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்குவதுபோல எனக்குத் தோன்றுகிறது. துரைசாமியைக் கொண்டுபோய் இறக்கிய அதே மலாயாவில், இம்முறை பெண்களின் கைகளில்.

என் ஊகம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பெண்களுக்குக் கருவியைப் பேணுவது புதிதாய் இருந்திருக்காது. பால்மரம் சீவும் கத்தியை நாள்தோறும் தீட்ட வேண்டும். பட்டையை மட்டும் சீவி உள்மரத்தைத் தொடாமல் நிறுத்த வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பாலில்லை. விடியுமுன் இருட்டில் அதைச் செய்த விரல்கள் தோட்டாவின் விளிம்பை அறியச் சிரமப்பட்டிருக்குமா? படித்த, நகரத்துப் பெண்களைப் பற்றியே அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. தம் பெயரை எழுதத் தெரியாமல் வந்து துப்பாக்கியின் எண்ணை நினைவில் வைத்திருந்த பெண்களைப் பற்றி எழுத யாராவது பால்மரக்காட்டிலிருந்து வர வேண்டும்.

1944இல் அவர்கள் பர்மாவுக்குச் சென்றார்கள். இம்பால் போர்முனைக்கு அனுப்பும் வேளை வரவேயில்லை. 1945 ஏப்ரலில் இரங்கூனைக் கைவிட்டபோது போஸும் அவர்களோடு நடந்தார். இரவில் நடை, பகலில் மரத்தடி, தலைக்கு மேல் விமானங்கள். தோளில் அதே நான்கு கிலோ. ஆண்டுக்கணக்கில் துடைத்துக் காத்த துப்பாக்கியைப் பெரும்பாலோர் போர்க்களத்தில் சுடாமலேயே ஒப்படைத்தார்கள். அது வீண் என்று சொல்வோரோடு நான் வாதிடுவதில்லை. அவர்கள் எதையும் துடைத்து வைத்ததில்லை என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

என் மேசைமேல் இருக்கும் புட்டி அப்பெண்களுள் ஒருவருடையது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. சரணடைந்த சிப்பாய் எவரிடமிருந்தோ, இரங்கூன் சந்தையிலிருந்தோ, கண்மை டப்பா என்றே நினைத்து ஓர் ஆச்சி வாங்கியதாகவும் இருக்கலாம். மூடிக்கடியில் இருந்த தோல்வளையம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. உள்ளே விரல்விட்டால் இன்னும் பிசுபிசுக்கிறது.

சென்ற வாரம் அத்தெரு வழியாகப் போனபோது கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். கல்லாவை மூடிவிட்டு எழுந்து, உள்ளறையிலிருந்து ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். அதில் அதே போன்ற மூன்று புட்டிகள் இருந்தன.

"மை டப்பான்னா அந்த விலை சார். துப்பாக்கிச் சாமான்னா வேற விலை" என்றார்.